பூட்டு ஹாஜியார்

"அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்திடுங்க டீச்சர். அல்லாஹ்வுக்காகக் கேக்கிறன்."

ஜெய்னம்பு கதிரையில்கூட உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்.

பாடசாலையின் நூற்றாண்டு விழாவுக்காக ஊர் வரலாறு எழுதத் தொடங்கிய நாளிலிருந்து றைஸா டீச்சரின் வீட்டுக்கு ஆள் வந்தபடிதான் இருக்கிறது. எல்லாரும் தங்கள் வாப்பா பெயரைச் சேர்க்கச் சொல்லி வந்தவர்கள். எடுக்கச் சொல்லி வந்தது இவள் ஒருத்திதான்.

"நான் எழுதினது பொய்யா ராத்தா?"

"பொய் இல்ல."

"தொண்ணூறுல வடக்கில இருந்து விரட்டப்பட்டு வந்த சனம் முகாம்ல தண்ணி இல்லாமத் தவிச்சிது. ஊர்ல நல்ல தண்ணிக் கிணறு உங்கட வாப்பாட தோட்டத்தில மட்டும்தான். அதுக்கு அவர் பூட்டுப் போட்டாரா, இல்லையா?"

"போட்டார். நான் அப்ப கலியாணம் முடிச்சு மதுரங்குளியில. பெருநாளைக்கு வந்து பார்த்தா கிணத்தடிப் படலையில பூட்டுத் தொங்கிது. ஏன் வாப்பா எண்டு கேட்டன். உன்ட வேலையைப் பாரு எண்டு ஏசினார்."

சாஹுல் ஹமீது ஹாஜியார் மௌத்தாகிப் பல வருடமாகிறது. அவர் பெயர் பாதிப் பேருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் 'பூட்டு ஹாஜியார்' என்றால் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அவருடைய பேரப்பிள்ளைகளைக்கூட 'பூட்டு வீட்டுப் பிள்ளைகள்' என்றுதான் ஊர் சொல்கிறது.

"பட்டப்பேர் வாயோட போயிடும் டீச்சர். அச்சில ஏறினா எங்கட பிள்ளைகள்ட பிள்ளைகளும் இதைப் படிக்கும்."

றைஸாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வரலாறு எழுத உட்கார்ந்தவர்களுக்கு எங்கிருந்தோ ஒரு மிடுக்கு வந்துவிடும். அவளுக்கும் வந்திருந்தது.

"ஊர்ல மூத்தவர், இஸ்ஹாக் காக்காவே சொன்னார். பஸார்ல ஆரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்றாங்க. ஒரு வீட்டுக்காக வரலாற்றை மாத்த ஏலாது ராத்தா."

ஜெய்னம்பு முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"அப்படியெண்டா முகாம் ஆக்கள்ட்டயும் ஒருக்காக் கேளுங்க. தண்ணிக்கு நிண்டது அவங்கதானே. அவங்களும் சொன்னா எழுதுங்க. நானும் வாறன். வாப்பாவுக்காக மன்னிப்பாவது கேட்டுட்டு வாறன்."

றைஸாவுக்குச் சுருக்கென்றது. ஊர் முழுக்க விசாரித்தவளுக்கு, அவர்களிடம் கேட்க வேண்டும் என்று இதுவரை தோன்றவே இல்லை.

முகாம் இப்போது முகாம் இல்லை. கல்வீடும் மதிலுமாக மாறிவிட்டது. பெயர் மட்டும்தான் மாறவில்லை. பளீலா முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். மன்னாரிலிருந்து வந்து இறங்கியபோது அவள் குமர்ப்பிள்ளை. இப்போது பேரன் கண்டுவிட்டாள்.

"பூட்டுக் கதையா?" கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "ஓம், பூட்டினார்தான். நான் என்ட கண்ணால கண்டது."

றைஸா பேனாவை எடுத்தாள். ஜெய்னம்பு தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாப்பாவை மன்னிச்சிடுங்க" என்றாள்.

"நீங்க ஹாஜியார்ட மகளா?" பளீலா பதறிப்போனாள். "மன்னிப்பா? டீச்சர், ஆர் உங்களுக்கு இந்தக் கதையைச் சொன்னது?"

"இஸ்ஹாக் காக்கா."

பளீலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவருக்கு மறக்காதுதான். அந்தக் கோடையில கிணத்துத் தண்ணி அடிக்குப் போயிட்டு. ஊராக்கள் விடியவே பீப்பாவோட வந்திடுவாங்க. இஸ்ஹாக் காக்கா மோட்டர் வச்சு மிளகாய்த் தோட்டத்துக்கு இறைப்பார். எங்களுக்கு முறை வரக்குள்ள உப்பும் சேறும்தான் மிஞ்சும். கைப்பிள்ளைகளுக்குக் குடுக்கவும் நல்ல தண்ணி இல்ல. வாய் திறந்து கேட்டா, 'வந்தாக்களுக்கு இது போதும்' எண்டுவாங்க."

"ஹாஜியார் ஒண்டும் சொல்லல்லியா?"

"சொல்லிப் பார்த்தார். ஒருத்தரும் கேக்கல்ல. அதுக்குப் பிறகுதான் ஒருநாள் படலையைப் பூட்டினார். அந்த நாளில இருந்து ஊரே அவரோட கதைக்காம விட்டுது."

"இதையெல்லாம் ஏன் இவ்வளவு காலமா ஒருத்தருக்கும் சொல்லல்ல?"

"ஹாஜியார்தான் சொல்லாதீங்க எண்டார். 'என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் பரவாயில்ல. நீங்க இந்தச் சனத்தோட காலம் முழுக்க வாழவேணும்' எண்டார்."

றைஸாவுக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை.

"பூட்டினா உங்களுக்கும்தானே தண்ணி இல்லாமப் போயிருக்கும்?"

பளீலா ஜெய்னம்புவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"டீச்சர், ராவில ஊர் உறங்கினாத்தான் அந்தப் பூட்டுத் திறபடும். அதுக்கு ஒரே ஒரு சாவிதான். அது எங்கட உம்மாட இடுப்பில இருந்திச்சு."