மருதமுத்துவின் ஐந்து நிமிஷம்

"நோன்பு மாசம்யா இது. ஊரே வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்கு, நீ என்னடான்னா..." என்று சத்தம் போட்டான் யூசுப்.

"அஞ்சு நிமிஷம்தாங்க, மரத்தடியில சும்மா..."

"நாலு பேரு பாக்க, காலையில ஒருக்க, இப்ப ஒருக்க. பீடிதானே?"

மருதமுத்து அருகில் நின்ற முதலாளியை ஒரு பார்வை பார்த்தான். "ஆமாங்க" என்றான்.

காஜா பெராங் தெருக் கைலிக் கடையில் அவனுக்கு இது பதினோராவது வருஷம். யூசுப், முதலாளி ஷரீஃபுதீனின் மைத்துனன். பெருநாள் வியாபாரத்துக்கு ஒத்தாசையாகப் பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து அன்றுதான் வந்திருந்தான்.

ஷரீஃபுதீனுக்கு வயிற்றுப்புண். நோன்பு கூடவே கூடாது, வேளை தவறாமல் மாத்திரை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நோயாளிக்கு விலக்கு உண்டுதான். ஆனாலும் பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்கிற மனுஷன், பெண்டாட்டி மும்தாஜிடம்கூடச் சொல்லக் கூசினார்.

மருதமுத்து வெயிலுக்குத் திரையை இழுத்துவிட்டு, "அஞ்சு நிமிஷம் மொதலாளி" என்று வெளியே போவான். அதற்குள் கைலிக் கட்டுகளுக்குப் பின்னால் திருடனைப் போல நின்று மாத்திரையை விழுங்கி, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொள்வார். இன்றைய நடுப்பகல் மாத்திரை இன்னும் சட்டைப்பையிலேயே இருந்தது.

"ஆகஸ்ட்ல நாட்டுக்குச் சுதந்திரம், மெர்டேக்காங்கறாங்க. இவனுக்கு இப்பவே கெடச்சிருச்சு மச்சான்" என்றான் யூசுப். இவனை வைத்திருந்தால் நோன்பாளி எவன் இந்தக் கடைப் படியேறுவான், இன்றே அனுப்பிவிட வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றான்.

பரிந்து பேசினால் ஏன் எதற்கு என்று துருவுவான். ஷரீஃபுதீன் ஒரு கைலியை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

"நாளையிலேருந்து வேற எடம் பாத்துக்கப்பா."

நடுப்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டது. மச்சானைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு யூசுப் பள்ளிவாசலுக்கு நடந்தான்.

மருதமுத்து சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டான். ஷரீஃபுதீனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பழியை அவன் தலையிலேயே போட்டுவிட்டால் மனசு ஆறுமென்று தோன்றியது.

"இந்த ஒரு மாசம் அந்தப் பீடிய அடக்கியிருக்கக் கூடாதா, மருதமுத்து?"

அவன் குனிந்து செருப்பை மாட்டினான்.

"நான் பீடிய விட்டு மூணு வருசமாச்சு, மொதலாளி."