பொதியில் ஏறாத படங்கள்

"என்ரை மனிபெஸ்ற்றிலை பேர் இல்லாட்டி ஒரு படமும் உள்ளுக்கை போகாது, ஐயா. பேர் இருந்தால் போகாமல் இராது," என்றாள் உதயகலா.

"அப்ப என்ரை ரெண்டு படம் எங்கை போச்சுது, பிள்ளை?"

கேட்டவர் ஆழ்வாப்பிள்ளை. தெல்லிப்பழையில் இருந்துகொண்டு வலிகாமம் முழுக்கக் கலியாணம் பேசி முடிக்கும் தரகர். தோல் பையில் படங்களைக் காவித் திரிந்து களைத்துப்போய், எல்லாவற்றையும் ஒரு கைபேசிச் செயலியாக்கித் தரும்படி சண்டிலிப்பாய்ச் சந்தியிலுள்ள இந்தச் சின்ன அலுவலகத்தைப் பிடித்திருந்தார். பை மட்டும் இன்னும் தோளை விட்டு இறங்கவில்லை.

அலுவலகம் என்றால் உதயகலாவும் ஜெயரூபனும்தான். அவன் நிரல் எழுதுவான், அவள் பொதி கட்டுவாள். எந்தப் படம், எந்த எழுத்து, எந்த ஒலி செயலிக்குள் ஏறவேண்டும் என்று சொல்லும் கோப்புத்தான் மனிபெஸ்ற். கணினி அதைப் பார்த்துத்தான் பொதி கட்டும். அதில் பெயர் இல்லாத படம் கோப்புறையிலேயே கிடந்து காயவேண்டியதுதான். அந்த வேலையில் உதயகலாவை அடிக்க ஆளில்லை. அது அவளுக்கும் தெரியும். சோதனையை மட்டும் இருவரும் பங்கு போட்டிருந்தார்கள். மாப்பிள்ளைப் பக்கம் அவளுக்கு, பொம்பிளைப் பக்கம் அவனுக்கு.

ஆழ்வாப்பிள்ளை கைபேசியை நீட்டினார். அவர் ஆட்களின் பெயரைச் சொல்வதில்லை, நட்சத்திரத்தைத்தான் சொல்வார்.

"இஞ்சை பாரும், சதய மாப்பிள்ளை. வெறும் பெட்டி. இஞ்சாலை மூலப் பொம்பிளை. அதுவும் வெறும் பெட்டி. நாலு மணிக்கு லண்டன் ஆக்கள் வருகினம். மோளுக்குச் சதயத்தையும் மோனுக்கு மூலத்தையும் காட்டப் போறன். பிடிச்சால் இந்தக் கிழமையே கலியாண எழுத்து."

உதயகலா கைபேசியை வாங்கிப் பார்த்தாள். மூலத்துக்கு என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. சதயத்துக்கு நடந்தது நன்றாகத் தெரியும். அந்த ஒரு வரியை மனிபெஸ்ற்றிலிருந்து வேண்டுமென்றே எடுத்தவள் அவள்தான். அந்தப் பெடியனிடம் மனதில் இருப்பதைச் சொல்ல அவளுக்கு இன்னும் வாய் வரவில்லை. அதற்குள் அவன் லண்டனுக்குப் போய்விட்டால் அவள் என்ன செய்வாள்?

முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. "எழுத்துப் பிழை, ஐயா. படத்தின்ரை பேர் சதயம். நான் சதையம் எண்டு அடிச்சுப்போட்டன். ஒரு எழுத்து மாறினாலும் அது ஏறாது."

"நீர் பிழையும் விடுவீரோ, பிள்ளை?" என்றார் அவர். "சரி, அப்ப மூலம்?"

ஜெயரூபன் கதிரையைத் திருப்பினான். "அது என்ரை வேலை, ஐயா. நாங்கள் எழுதிற நிரலையும் தமிழிலை மூலம் எண்டுதான் சொல்லுறது. மூலம் எண்டு தொடங்கிற கோப்பு ஒண்டும் பொதிக்குள்ளை ஏறக்கூடாது எண்டு மனிபெஸ்ற்றிலை ஒரு விதி போட்டனான். பொம்பிளையும் அதோடை வெளியிலை நிண்டிட்டா."

உதயகலா சிரித்துவிட்டாள். தன் பொய்யைவிட அவன் பிழை எவ்வளவோ வடிவாக இருந்தது.

"பெண் மூலம் நிர்மூலம் எண்டு சனம் சொல்லுறது சரியாய்ப் போச்சு," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "ஆனால் இது நல்ல இடம். லண்டன் பெடியனுக்குத் தேப்பன் இல்லை. மாமனாருக்கு ஆகாது எண்ட பயமும் இல்லை."

"உந்தக் கதையை விடுங்கோ, ஐயா," என்றாள் உதயகலா. அந்தப் பழமொழியைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சரி, விட்டன். அந்தக் கோப்பைத் திறவும். உந்த மனிபெஸ்ற்றை நானும் ஒருக்கால் பாப்பம்."

"வேண்டாம்," என்றாள் உதயகலா.

"வேண்டாம்," என்றான் ஜெயரூபனும், அவள் வாய் மூடுமுன்.

ஆழ்வாப்பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தேத்தண்ணிக் கோப்பையை வாங்கும் கையை வைத்தே சம்மதமா இல்லையா என்று சொல்லிவிடுகிற மனிதர் அவர். கண்ணாடியைக் கழற்றி ஆறுதலாகத் துடைத்தார்.

"தம்பி, மூலத்திலை வேறையும் பொம்பிளையள் இருக்கினம். உம்மடை விதி அவையை ஒண்டும் செய்யேல்லை. எல்லாரும் வடிவா வருகினம்."

ஜெயரூபனின் காது சிவந்தது.

"சதயத்திலையும் வேறை மாப்பிள்ளையள் நிக்கினம், பிள்ளை. உம்மடை விரல் சரியா இந்த ஒரு ஆளிலைதானோ வழுக்கினது?"

இனி மறைத்து என்ன? உதயகலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஓம், ஐயா. வேணுமெண்டுதான் எடுத்தனான். திருப்பிப் போடவும் மாட்டன். லண்டன் ஆக்களுக்கு வேறை ஆளைக் காட்டுங்கோ."

ஜெயரூபன் அவளைப் பார்த்தான். பிறகு எழுந்து நின்றான். "நானும் போடமாட்டன், ஐயா."

கோபப்பட வேண்டிய மனிதர் வாயெல்லாம் பல்லாகத் தோல் பையைத் திறந்தார்.

"லண்டனுக்கு ஆக்களோ இல்லை? இந்த ரெண்டு பெட்டியும் வெறுமையாய்க் கிடக்கிறதைக் கண்டிட்டு, பொருத்தம் பாத்துக்கொண்டுதான் வந்தனான். நல்லாய்ப் பொருந்துது. தம்பிக்கும் தேப்பன் இல்லை. பிறகென்ன, மூலம் ஆரை என்ன செய்யிறது?"

இரண்டு படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் ஜெயரூபன் நின்றான். உதயகலா தன் கையாலேயே எடுத்த வரி அது. மற்றதில், அம்மா அவளுக்குத் தெரியாமல் தரகரிடம் கொடுத்திருந்த பச்சைச் சேலைப் படத்தில், உதயகலாவே நின்றாள்.