ஒசாகாவில் விடியுது

"பாரும் நிரஞ்சனி, ஒசாகாவில இப்ப விடியுது!"

மாதா கோயில் மண்டபத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நிரஞ்சனியின் மூக்குக்கு நேரே அக்னெஸ் போனை நீட்டினாள். கடைகளின் இரும்புக் கதவுகள் மேலே ஏறின. ரயில் ஒன்று வந்து நின்றது. கறுப்புக் கோட்டுக்காரர்கள் சத்தமில்லாமல் உள்ளே போனார்கள்.

"றெனோல்ட் இப்பத்தான் அனுப்பினவன். இந்த ரயிலிலதான் பிள்ளை வேலைக்குப் போறது."

"வடிவாக் கிடக்கு" என்றாள் நிரஞ்சனி.

அரை மணிக்கு முன்னர்தான் ஞாயிறு மாலைப் பூசையில் இருவரும், முறைப்படி கைகூப்பி, ஒருவருக்கொருவர் 'சமாதானம்' சொல்லியிருந்தார்கள். அந்தச் சமாதானம் நிரஞ்சனியிடம் அந்த ரயில் வரும்வரைதான் நின்றது.

அவள் ஒசாகாவை மிதித்ததில்லை. ஆனால் பத்து மாதமாக, அக்னெஸின் புண்ணியத்தில், அந்த ஊரின் நாள் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். மதியம் நூடில்ஸ் கடை வாசலில் வரிசை. பின்னேரம் ஐந்துக்கு ஒலிபெருக்கியில் பாட்டு, பிள்ளைகள் வீட்டுக்குப் போக. இருட்டினால் வாய்க்கால் தண்ணீரெல்லாம் கலர் லைட். வில்லரேயில் தன் தெருவுக்குக் குப்பை லொறி வரும் நாள்கூட அவளுக்கு இவ்வளவு நிச்சயமாகத் தெரியாது.

"ஒவ்வொரு நாளும் காலமை எட்டு மணிக்குப் போன் எடுப்பான். அங்க அப்ப இரவெல்லே? 'களைச்சுப் போனன் அம்மா, படுக்கப் போறன்' எண்டுவான், பாவம். ஆனா ஒண்டு, ஜப்பான் சாப்பாட்டில பிள்ளைக்குக் கன்னம் வைச்சு முகம் உருண்டிட்டுது!"

அதே எட்டு மணிக்குத்தான் நிரஞ்சனியின் மகன் அன்டன் புவாண்ட்-கிளேர் களஞ்சியத்தில் இரவு வேலை முடித்து வந்து, திரையை இழுத்து மூடிவிட்டுக் கட்டிலில் விழுவான். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருவன் ஒசாகாவில் எஞ்சினியர், மற்றவன் பெட்டி தூக்குகிறான். கடவுளுக்குக் கண்ணில்லையா என்று கோயில் மண்டபத்திலேயே நின்று மனதுக்குள் கேட்டாள்.

ஒரே ஆறுதல், தன் கைச்சமையல். எத்தனை ரயில் ஏறினாலும் அது அந்த றெனோல்டுக்குக் கிடைக்காது.

வீட்டுக்கு வந்தபோது அன்டன் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தான். நிரஞ்சனி சட்டிமூடியைப் படாரென்று வைத்தாள்.

"நாளைக்குக் காலமை பியர்பொன்ட்ஸுக்கு, அக்னெஸ் வீட்டை போறன். றெனோல்ட் போன் எடுக்கேக்க நானே கேக்கிறன், உனக்கும் அங்க ஒரு வேலை பாத்துத் தரச் சொல்லி."

"ஐயோ, வேண்டாம் அம்மா."

"ஏன் வேண்டாம்? எனக்கும் நாலு பேருக்குக் காட்ட ஒரு வீடியோ வேண்டாமே? அவளுக்கு முன்னால எத்தினை நாளைக்கு நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறது?"

சோற்றின்மேல் கணவாய்க் கறியை ஊற்றி ஒரு பார்சல் கட்டினாள். அத்தோடு கையைக் கழுவினாள்.

"மற்றப் பார்சல் எங்கயம்மா?"

"இண்டைக்கு ஒண்டுதான். ஆறு மாசமா ரெண்டு ரெண்டாக் கொண்டுபோறாய், உடம்பில ஒரு இறாத்தல் ஏறேல்லை. அங்க அவனுக்குக் கன்னம் வைச்சிருக்காம்!"

அன்டன் சப்பாத்தைக் கட்டுவதை நிறுத்தினான்.

"அக்னெஸ் அன்ரிக்குச் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ."

"என்னத்தை?"

"றெனோல்டை அந்தக் கொம்பனி நாலு மாசத்திலேயே நிப்பாட்டிப் போட்டுது. வெக்கத்தில தாயின்ர முகத்தில முழிக்கேலாமல் திரும்பி வந்து இஞ்ச, பக்கத்தில, லாசாலில ஒரு பேஸ்மென்ற்றில இருக்கிறான். அந்த வீடியோ எல்லாம் இன்ரநெற்றில எடுக்கிறது. ஒசாகாக்காரர் முழிச்சிருக்கிற நேரம் அவனும் என்னோட இரவிரவாப் பெட்டி தூக்குறான், அதாலதான் இன்னும் பிடிபடேல்லை."

"அப்ப, அந்தக் கன்னம்?" என்றாள் நிரஞ்சனி.

"அந்தக் கன்னம் ஜப்பான் சாப்பாட்டில வைச்சதில்லை அம்மா. நீங்கள் கட்டித் தாற ரெண்டாவது பார்சலில வைச்சது."