தகரம் தட்டும் மாப்பிள்ளை

"அந்த ஆளுக்குத் தலையில இருக்கிறது மூளையா, களிமண்ணா?"

ஜன்னல் வழியாகப் பார்த்த டுவைட்டுக்கு ரத்தம் கொதித்தது. அடுத்த வீட்டுப் பெரியவர் ஆர்வில் ஏணியில் நின்றபடி, பிள்ளைகள் பனியில் சறுக்குகிற தகர வட்டு ஒன்றைத் தன் கூரையில், டுவைட் வீட்டுக்கு எட்டாத மறுகோடி மூலையில் வைத்து ஆணியடித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஒரு மரங்கொத்தியால் வந்த வினை.

பனி கரைந்த நாளிலிருந்து டுவைட் வீட்டுப் புகைபோக்கியின் தகர மூடிதான் அதற்கு மேளம். விடிந்ததும் ஆரம்பித்தால் மத்தியானம் வரை ஓயாது. அவன் மனைவி லோர்னா ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ். ஊருக்கு விடிந்த பிறகுதான் அவளுக்கு ராத்திரி. போன வாரம் கார் ஓட்டி வரும்போதே கண் செருகி, வாசல் தபால் பெட்டியில் மோதிவிட்டாள்.

"யாருக்காவது மருந்தை மாத்திக் குடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு டுவைட்," என்று அன்று அழுதாள்.

கைதட்டிப் பார்த்தான். பந்தை வீசிப் பார்த்தான். பொம்மை ஆந்தை வாங்கி வைத்தான். அந்த ஆந்தையின் தலைமேல் உட்கார்ந்து இளைப்பாறியது அது.

கடைசியில் நேற்று அதைப் போட்டோ எடுத்து, என்ன பறவை என்று போனில் தேடிக் கண்டுபிடித்தான். அப்போதுதான் ஆர்வில் வேலியோரம் வந்தார். ஜனவரியில் மனைவி மேவிஸ் இறந்த பிறகு மனுஷன் வாயைத் திறந்ததே அபூர்வம்.

"என்ன பறவையாம்?"

"மரங்கொத்திதான். ஆனா தரையில எறும்பு பொறுக்கித் தின்கிற ஜாதி. மார்புல கறுப்புப் பிறை, சிறகுக்கு அடியில மஞ்சள்."

"எறும்பு தின்கிறதுக்குத் தகரத்துல என்ன வேலை?"

"பொண்ணு தேடுதாம்! எந்த இடத்துல சத்தம் பெருசா வருதோ, அங்க போய் தட்டுமாம். கல்யாணம் முடிஞ்சா தானா நிறுத்திடுமாம்."

"ஓகோ," என்று உள்ளே போய்விட்டார்.

போனவர் இன்று சாயங்காலம் தகரத்தோடு ஏணியில் நிற்கிறார்!

"ஒண்ணு போதாதுன்னு ஊர்ல இருக்கிற மரங்கொத்தியை எல்லாம் கூப்பிடுறார்," என்றான் டுவைட். "போன அக்டோபர்ல இவர் வாசல் இலைக் குப்பையைப் பத்தி நகராட்சிக்குப் புகார் எழுதினேன் இல்ல? அதுக்குப் பழி வாங்குறார்."

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த லோர்னா, "அவரை விடு டுவைட்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை லோர்னா வந்து படுத்த கையோடு மேளம் தொடங்கியது. டர்ர்ர்ர்... டர்ர்ர்ர்...

டுவைட் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஓடினான். சத்தம் எங்கேயிருந்து வருகிறது, எங்கேயிருந்து வரவில்லை என்று யோசிக்கக் கோபம் விடவில்லை.

ஆர்வில் கண் சிவக்க, இரவு உடையோடு கதவைத் திறந்தார். அவன் வாயைத் திறப்பதற்குள் விரலை உதட்டில் வைத்தார்.

"மெதுவா பேசுப்பா! உன் பொண்டாட்டி தூங்குறா இல்ல?"

டுவைட் திரும்பிப் பார்த்தான். அவன் வீட்டுப் புகைபோக்கி வெறுமையாக இருந்தது. பறவை ஆர்விலின் கூரை மூலையில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது.

"அதுக்குக் கீழ... என்ன ரூம்?"

"நான் படுக்கிற ரூம்."

டுவைட்டின் கை தானாகவே சுத்தியலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது.

"அக்டோபர்லேருந்து நானும் மேவிஸும் ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்தோம். வாசல்ல இலை வாரக்கூட வரலை. கடைசி ராத்திரிங்க எல்லாம் உன் பொண்டாட்டிதான் அவ கையைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தா. 'நீங்க போய்க் கொஞ்சம் கண்ணை மூடுங்க, நான் இருக்கேன்'னு என்னை அனுப்பிடுவா. உன்கிட்ட சொல்லலையா?"

"ஆஸ்பத்திரி விஷயம் எதுவும்... வீட்டுல பேசமாட்டா."

ஆர்வில் கூரையை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"அன்னிக்கு லோர்னா முழிச்சிருந்து என்னைத் தூங்க வெச்சா. இந்த மாப்பிள்ளைக்குக் கல்யாணம் முடியிற வரைக்கும் நான் முழிச்சிருக்கேன், அவ தூங்கட்டும்."