நாலு மணி சிகரெட்

ஆபீசில் பொய் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் முன்னதாக, நாலு மணிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்ததுதான் வம்பாகப் போயிற்று.

வார்டின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், பால்கனி வெயிலில், சக்கர நாற்காலியில் அவள் கணவன். எதிரே ஸ்டூலில் வார்டு உதவியாளர். மீசைக்காரர் என்று சொன்னால்தான் எல்லோருக்கும் தெரியும். அவர் வெள்ளையாக எதையோ அவன் உதட்டில் வைத்தார். காற்றுக்குக் கையால் மறைப்புக் கட்டி, கட்டைவிரலைத் தட்டினார்.

அவன் கண்ணை மூடி, கன்னம் குழிய இழுத்தான். கொஞ்ச நேரம் உள்ளேயே வைத்திருந்தான். பிறகு மெதுவாக, மிக மெதுவாக விட்டான். மீசைக்காரர் சாம்பலைத் தட்டினார். மறுபடியும் இழுப்பு. அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. வார்டுத் திரைகள்கூட அவனோடு சேர்ந்து மூச்சு விடுவது போல அசைந்தன.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏணியிலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் அடி. இரண்டு மாதமாகக் கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. முதுகில் படுக்கைப் புண் வேறு. டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"அடிபட்ட நரம்புக்கும் புண்ணுக்கும் ரத்தம்தாம்மா சாப்பாடு. புகை உள்ள போனா ரத்தக் குழாய் சுருங்கிடும். நாங்க ஒட்டற தோல் ஒட்டாது. சிகரெட்டைத் தொட்டார்னா வெள்ளிக்கிழமை ஆபரேஷன் கிடையாது. நுரையீரலுக்கும் பலம் வரணும், அந்தப் பந்து டப்பாவை தினமும் இழுக்கச் சொல்லுங்க."

மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பா. குழாயில் இழுத்தால் பந்து மேலே ஏறும். "இதென்ன பாப்பா விளையாட்டு?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். தினமும் இரண்டு பாக்கெட் ஊதித் தள்ளிய மகராசனுக்கு இது எங்கே பிடிக்கும்!

அவள் மூச்சு வாங்க நர்ஸிடம் போய், பார்த்ததைச் சொன்னாள்.

"எழுதிக் குடுங்க மேடம். அந்த ஆளை இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பிடுவாங்க."

எழுதினாள். கோபத்தில் எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போனது. காகிதத்தோடு பால்கனிக் கதவைத் தள்ளினாள்.

"ஏன் அண்ணே, உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா? அவர் கேட்டா நீங்க குடுத்துடறதா?"

மீசைக்காரர் திருதிருவென விழித்தார். கணவன் கண்ணைத் திறக்கவே இல்லை.

"கத்தாதே. பாதியில இருக்கேன்."

அவள் குனிந்து அவன் வாயை மோந்து பார்த்தாள். இருமல் மருந்து வாசனைதான் வந்தது.

மீசைக்காரர் கையை விரித்தார். சிகரெட் நீளத்துக்கு நறுக்கிய ஸ்ட்ரா. சுற்றிலும் வெள்ளை பிளாஸ்திரி. நெருப்புக்காக நுனியில் சிவப்பு மை.

"பந்தை இழுங்கன்னா மாட்டேங்கறாரும்மா. இதுன்னா அஞ்சு எண்ற வரைக்கும் இழுக்கறாரு. காலையில பத்து, சாயந்திரம் பத்து. நேத்து டப்பாவுல மூணு பந்தும் ஏறிடுச்சு. வெள்ளிக்கிழமை வரைக்கும் உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னாரு."

கொஞ்சம் வெட்கப்பட்டு, தன் சட்டைப் பையிலிருந்தும் ஒரு ஸ்ட்ராவை எடுத்துக் காட்டினார்.

"துணைக்கு நானும். நிஜ சிகரெட்டை விட்டு இருபது நாளாச்சு."

கணவன் உதட்டைக் குவித்து ஊதினான்.

"அந்தா, வளையம் போகுது பாரு."

வெறும் வெயில்தான். ஆனாலும் அவள் அண்ணாந்து பார்த்தாள். வட்டமாக ஏதோ ஒன்று மெல்ல மிதந்து கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போவது போலத்தான் இருந்தது. அது மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கிவிட்டது.

பிறகு, புகார்க் காகிதத்தின் நாலு மூலையையும் மடித்துக் கிண்ணமாக்கி நீட்டினாள்.

"சாம்பலை இதுல தட்டுங்க அண்ணே."