முட்டைக்குக் காவல்

பறவைகளுக்கென்று ஒதுக்கிய தீவு ஒன்றில், ஓர் ஆலாப் பறவை மணலில் முட்டையிட்டது. அதைக் காக்கத் தன்னார்வலர்கள் ஆறு பேர் படகில் வந்து, கயிறு கட்டி, முட்டையைச் சுற்றியே நின்றுகொண்டார்கள். இத்தனை பேர் நின்றால் தாய் எப்படி வந்து அடைகாக்கும்? வெயில் ஏறியது.

"இன்னும் கொஞ்ச நேரம் போனா குஞ்சு உள்ளேயே வெந்துடும்டி," என்று ஆலா தன் தோழி நண்டிடம் அழுதது.

"போகச் சொல்ல வேண்டியதுதானே?"

"தலைக்கு மேல கத்திப் பார்த்துட்டேன். பாடுறேன்னு நினைச்சு வீடியோ எடுக்கறாங்க!"

"என்ன அக்கிரமம்!" என்ற நண்டு, விறுவிறுவென்று போய்த் அவர்கள் தலைவரின் கால் கட்டைவிரலைக் கவ்வியது. ஆறு பேரும் அலறிக்கொண்டு தாழம்புதருக்கு ஓடினார்கள். ஆலா முட்டைமேல் வந்து அமர்ந்தது. நண்டுக்குப் பயந்து பிறகு யாரும் கிட்டே வரவில்லை.

குஞ்சு வெளிவந்ததும் கயிற்றோரம் ஒரு பெரிய பலகையை நட்டார்கள்: "தன்னார்வலர்களின் இடைவிடாத காவலில் பிறந்த குஞ்சு."

நண்டு கொதித்தது. "காப்பாத்தினது நான், பேர் அவங்களுக்கா? இப்பவே போய்க் கேட்கிறேன்!"

"அப்புறம் கேட்கலாம்டி," என்றது ஆலா, குஞ்சை நடத்திக்கொண்டே. "பலகை நல்லா நிழல் தருது. வா, மூணு பேரும் உட்காரலாம்."