ஆறு நிமிடம் பின்னால்

கழுத்தை அசைக்காதே என்று ஆம்புலன்ஸ்காரர் இந்தியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் எங்கே அசைப்பது? பலகையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கண்கள் மட்டும் அங்குமிங்கும் போயின.

அவன்மேல் வந்து நின்றன.

பெனிட்டா. நாகர்கோவில் பெண். போன மாதம் அவன் ஓட்டிய விமானத்தில் பணிப்பெண்ணாக வந்தவள். டெல்லியில் தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

இன்று அவளுக்கு வேறு விமானம். லடாக்கிலிருந்து டெல்லிக்கு, அவனுடைய விமானத்துக்கு ஆறு நிமிடம் பின்னால். அதே பாதை. அதே உயரம்.

சிரிக்கப் பார்த்தாள்.

"குலுக்கல் மாடரேட்டுன்னுதான் சார் சொன்னாவ, முன்ன போன ஃபிளைட்டுல. டிராலிய உள்ள தள்ளிப் பூட்டிட்டு இருந்துரலாம்னு நெனச்சேன். காலு இருக்கது தெரியல சார்."

முன்னால் போனது யார் என்று அவளுக்குத் தெரியாது.

அவன் தலையாட்டினான். ஆமாம், அப்படித்தான் சொன்னார்கள் என்பதுபோல. எவ்வளவு சுலபமாக ஆடுகிறது இந்தத் தலை என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

ஆம்புலன்ஸ் கதவு மூடியது.

காலையில் வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. பொட்டு மேகம் இல்லை. மேகம் இருந்தால்தான் ரேடாரில் ஏதாவது தெரியும்.

மலைமுகட்டில் முட்டி ஏறிய காற்று, அந்தப் பக்கம் அலை அலையாக விழுந்து எழுந்துகொண்டிருந்தது. பாறையைத் தாண்டிய ஆற்றுத் தண்ணீர் துள்ளுமே, அப்படி. இது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பத்து நாற்பத்திரண்டு.

பெல்ட் தோளை அறுத்தது. தண்ணீர் பாட்டில் கூரையில் போய் முட்டியது. எதிரே இருந்த எண்களில் ஒன்றைக்கூடப் படிக்க முடியவில்லை. நாலு விநாடி விமானம் அவன் சொல்பேச்சைக் கேட்கவில்லை.

பெல்ட் விளக்கை அவன் இன்னும் அணைத்திருக்கவில்லை. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் கீறல் இல்லை. அதிர்ஷ்டம்.

விமானம் கைவிட்டுப் போனால் அந்தக் குலுக்கலுக்குப் பெயர் சிவியர். ஒரு விநாடியானாலும் சிவியர்தான். பயிற்சியில் சேர்ந்த முதல் மாதமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

உடனே கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் பின்னால் வருபவர்களுக்குச் சொல்வார்கள். மேலே இதைத் தவிர வேறு எச்சரிக்கைப் பலகை கிடையாது. முன்னால் போகிறவன் வாயை நம்பித்தான் பின்னால் வருகிறவன் பறக்கிறான்.

ஆனால் சிவியர் என்று சொல்லிவிட்டால், இறங்கியதும் விமானத்தை ஓரங்கட்டிவிடுவார்கள். இறக்கையில் விரிசல் உண்டா என்று அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார்கள். ஒரு நாள் ஆகும். இதே விமானத்தை அவன் மதியம் கோயம்புத்தூருக்கு ஓட்ட வேண்டும். நாளை விடிகாலையில் அங்கே அவனுடைய புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள்.

"மாடரேட்" என்றான் ரேடியோவில். சிவியருக்கு ஒரு படி கீழே.

துணை விமானி அவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு முன்னால் பார்த்துக்கொண்டாள்.

சிவியர் என்று கேட்டால் பின்னால் வருபவர் வேறு உயரம் கேட்டு வாங்கிக்கொள்வார். பணிப்பெண்கள் தள்ளுவண்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கிடைத்த இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டுவார்கள்.

மாடரேட் என்றால் அத்தனை அவசரம் இல்லை. கப்புகளை வாங்கிப் போட்டு, வண்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், பூட்டிவிட்டு உட்காருவார்கள். நாலைந்து நிமிடம் பிடிக்கும்.

பெனிட்டா பூட்டிவிட்டாளாம். உட்காரத் திரும்பும்போதுதான் தூக்கி அடித்ததாம்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மனைவி.

'பால் பானை வாங்கியாச்சு. பூசணிக்காயும் வந்திருச்சு. நீங்க மட்டும்தான் பாக்கி.'

அவனுடைய விமானத்துக்கு எரிபொருள் நிரப்பி முடித்துக் குழாயைச் சுருட்டினார்கள். கோயம்புத்தூர் பயணிகளின் பஸ் வந்து நின்றது. கைக்குழந்தையோடு ஒரு பெண் முதலில் இறங்கினாள். குழந்தையின் பெயர் எழுதிய பை ஒன்று தோளில் தொங்க, படிக்கட்டைப் பார்த்து நடந்தாள்.

அந்த இறக்கைக்குக் கீழேதான் நடந்தாள்.

அவனை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. தெளிந்த வானம், யார் என்ன செய்ய முடியும் என்பார்கள். முன்னால் போனவர் எச்சரித்தார் என்று விசாரணையில் எழுதுவார்கள். நன்றிகூடச் சொல்வார்கள். அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

கையை நீட்டி அந்தப் பெண்ணை நிறுத்தினான். ஏன் என்று அவள் கேட்பதற்குள் படிக்கட்டை நோக்கி நடந்தான்.

பொறியாளர் படிக்கட்டருகே நின்றிருந்தார். விமானத்தின் குறிப்பேடு அவர் கக்கத்தில் இருந்தது. அவன் அதைக் கேட்டு வாங்கினான்.

இன்றைய பக்கம். குறை ஏதுமில்லை. அவன் கையெழுத்து, எப்போதும்போல் அழகாக இருந்தது.

அதன்மேல் குறுக்கே ஒரு கோடு போட்டான். கீழே சிவியர் என்று எழுதினான். பொறியாளர் பக்கத்தைப் பார்த்தார். தலையை நிமிர்த்தி, சைரன் போட்டுக்கொண்டு போகும் ஆம்புலன்ஸைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

நேரம் எழுத ஒரு கட்டம் பாக்கி இருந்தது.

பெனிட்டா வந்த விமானத்தின் குறிப்பேட்டில் இந்நேரம் 10.48 என்று எழுதியிருப்பார்கள்.

அவன் 10.42 என்று எழுதினான்.